வளைத்து அறுக்க எதை வாங்குவது: ஜிக்சாவா, ஃப்ரெட் சாவா, ஸ்க்ரோல் சாவா, லேசரா?

தமிழ்நாட்டு வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, 38 மாவட்டங்களையும் தனித்தனியாக அறுத்தெடுத்து, பிள்ளைகள் பிரித்துச் சேர்த்து விளையாடுகிற மாதிரி ஒன்று செய்ய ஆசைப்பட்டேன். அக்கா மகளிடம் இருந்த பிளாஸ்டிக் படத்தில் 32 மாவட்டங்கள்தான். 2019-இல் உருவான கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஐந்தும் அதில் இல்லை. 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறையும் இல்லை. சரி, நாமே அறுத்துவிடலாம் என்று இறங்கினேன். எதைக் கொண்டு அறுப்பது என்பதிலேயே நான்கு மாதம் போய்விட்டது. பெயர்ப்பலகை, பூஜை அறைக் கதவுக்கு ஜாலி (துளைத் துளையாக அறுத்தெடுத்த பலகை), கொலுவுக்கு முகப்பு என்று வளைவும் நெளிவுமாக எதை அறுக்க நினைத்தாலும் இதே கேள்வி வரும் என்பதால் அந்த நான்கு மாதத்தில் கற்றதை எழுதுகிறேன்.

வேலை என்னவோ பழையதுதான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடங்களைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளை ஒட்டியே அறுத்து, பிள்ளைகள் பூகோளம் படிப்பதற்காக விற்றார். மின்சாரம் இல்லாத காலத்தில் மெல்லிய கைவாளை வைத்தே அதைச் செய்திருக்கிறார்கள்.

முதலில் இந்த வேலை என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம். படத்தை 60 செ.மீ. உயரத்துக்குப் பெரிதாக்கினேன். மாநிலம் வடக்கு தெற்காக ஏறக்குறைய 600 கி.மீ. என்பதால் ஒரு செ.மீ.க்குப் பத்து கி.மீ. கணக்கு. சென்னை மாவட்டம் 426 சதுர கி.மீ.; அது பலகையில் ஏறக்குறைய இரண்டு செ.மீ. நீளம், இரண்டு செ.மீ. அகலம் அளவுதான் வருகிறது. ராமேசுவரத்தைப் பாம்பனில் நிலத்தோடு ஒட்டி வரைந்தேன். அங்கிருந்து தனுஷ்கோடிக்கு நீளும் மணல்திட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கி வரைந்தும் அரிச்சல்முனையில் அது தீக்குச்சி அளவுதான் வந்தது. ஆக, அறுக்கும் கருவி இவ்வளவு மெல்லிய இடத்தை உடைக்கக்கூடாது. துண்டுகளைத் திரும்பச் சேர்த்தால் நடுவில் சந்து தெரியக்கூடாது. வெட்டு நேர் செங்குத்தாகவும் இறங்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் துண்டு ஒரு பக்கமாக மட்டுமே கழன்று வரும், மறுபக்கம் மாட்டிக்கொள்ளும்.

வீட்டில் ஏற்கெனவே ஜிக்சா இருந்ததால் அதில் ஆரம்பித்தேன். கையில் பிடித்துப் பலகை மேல் ஓட்டுகிற மெஷின் இது. 1940களில் சுவிட்சர்லாந்தின் சோலோதர்ன் நகரத்தில் ஒரு பொறியாளர் தையல் மெஷினில் ஊசி இருக்கும் இடத்தில் வாளை மாட்டிப் பார்த்ததில் பிறந்தது. தையல் ஊசியைப் போலவே இதன் பிளேடும் மேல்முனையில் மட்டும்தான் பிடிக்கப்பட்டிருக்கும். கீழ்முனை அந்தரத்தில் தொங்கும். நேர்க்கோட்டில் இது பெரிய குறை இல்லை. வளைவில் திருப்பும்போது மேல்பக்கம் கோட்டிலேயே போகும், அடிப்பக்கம் விலகி ஓடும். பல் மேல்நோக்கி இருப்பதால் மேலே வரும்போதுதான் அறுக்கிறது. படம் ஒட்டியிருக்கும் மேல்முகத்தில் சிம்பு பெயர்கிறது. பலகையைக் கவிழ்த்துப் போட்டு அறுக்கலாம், கோட்டின் மேல் டேப் ஒட்டலாம். ஆனால் ஒரு மி.மீ.க்கும் மேல் அகலமான வெட்டுத் தடத்தை என்ன செய்வது? அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டின மாதிரி ஆகிவிட்டது. தனுஷ்கோடியை மூன்று பலகையில் முயன்றேன். மூன்றிலும் பிளேடு மேலேறும் வேகத்தில் நுனி எகிறி ஒடிந்தது.

ஒடிந்த துண்டை எங்கள் தெருமுனைப் பட்டறையில் இருக்கும் ஆசாரியிடம் காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மேலிருந்து கீழே வெட்டு சாய்ந்திருந்ததை நகத்தால் தடவிக் காட்டினார். “அறுத்த கை மேல தப்பில்லீங்க தம்பி. இது ஒரு பக்கம் மட்டும் புடிச்ச வாளு. இந்த வேலைக்கு ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டின வாளு வேணுங்க” என்றார். இந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குத் தெளிவு பிறந்தது. ஜிக்சா மோசமான கருவி இல்லை. ஒன்றரை அங்குலப் பலகையில் மேசை விளிம்பை வளைக்க, சமையலறை மேடையில் தொட்டிக்கு வாய் திறக்க அதுதான் வேண்டும். நுணுக்க வேலைக்கு வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டின வாள் என்றால் இரண்டு உண்டு: கையால் அறுக்கும் ஃப்ரெட் சா, மின்சாரத்தில் ஓடும் ஸ்க்ரோல் சா. இரண்டிலும் போடுவது ஒரே பிளேடுதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 5 அங்குல நீளம், நூல் மாதிரி மெல்லிசு.

ஃப்ரெட் சா சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். வில் மாதிரி வளைந்த சட்டத்தில் பிளேடை நாண் போல இழுத்து மாட்ட வேண்டும். பல் கைப்பிடியைப் பார்த்திருக்க வேண்டும், அதாவது கீழே இழுக்கும்போது அறுக்கும். மேசை விளிம்பில் ஒரு சிறு பலகையைக் கவ்வ வைத்து, அதன் நுனியில் கவை போல ஒரு வெட்டு எடுத்துக்கொண்டால், அந்தக் கவையின் இரண்டு விரலுக்கு நடுவில் வாள் ஏறி இறங்கும். மரம் இரண்டு பக்கமும் தாங்கலாக உட்காரும். தனுஷ்கோடி முதல் தடவை உடையாமல் வந்தது இதில்தான். சத்தமே கிடையாது, அடுக்குமாடியில் ராத்திரி ஒன்பது மணிக்கும் அறுக்கலாம். சட்டத்தின் ஆழம் 30 செ.மீ. அளவுக்கே கிடைப்பதால் பெரிய பலகையின் நடுவுக்குப் போக முடியாது. முழுப் படத்துக்கு எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது, மணிக்கட்டு ஒரு வாரம் வலித்தது. ஆனாலும் மெஷினை வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் இதில் அறுத்துப் பாருங்கள் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன். பிளேடு எப்போது மழுங்குகிறது, எவ்வளவு தள்ளினால் வளைகிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும். ஒரு மாதத்தில் ஆர்வம் வடிந்துவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை.

ஆர்வம் வடியவில்லை என்றால் அடுத்தது ஸ்க்ரோல் சா. பத்தாயிரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல் மெஷின் முன்னால் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து ஓட்டலாம். மெஷினுக்கே மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் இறுக்கமாகப் பிளேடு. அது நின்ற இடத்திலேயே இரண்டு செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக ஏறி இறங்கும். வேகத்தைக் குமிழ் வைத்துக் கூட்டிக் குறைக்கும் மாடல்களில் நிமிடத்துக்குச் சுமார் 400 முதல் 1,600 தடவை வரை. மரத்தை மட்டும்தான் நாம் நகர்த்துகிறோம், இரண்டு கையும் மரத்தின் மேலேயே இருக்கும். பல் கீழ்நோக்கி இருப்பதால் மரத்தை மேடையோடு சேர்த்து அழுத்தியபடி அறுக்கிறது. அதனால்தான் மெல்லிய நுனி எகிறுவதில்லை.

கடைக்காரர்கள் வாட், வேகம் என்று பேசுவார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது பிளேடு மாட்டும் விதத்தைத்தான். சில மெஷின்கள் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு குட்டி ஆணி உள்ள பிளேடை மட்டும் ஏற்கும். மற்றவை ஆணி இல்லாத மொட்டை முனைப் பிளேடைத் திருகி இறுக்கும். ஆணி பிளேடு மாட்டச் சுலபம், உண்மை. ஆனால் உள்வெட்டு எடுக்கும்போது முதலில் மரத்தில் துளை போட்டு அதற்குள் பிளேடை நுழைக்க வேண்டுமே, அப்போது அந்த ஆணியும் நுழைய வேண்டும். ஏறக்குறைய 5 மி.மீ. துளை தேவைப்படும். மொட்டைப் பிளேடுக்கு ஒன்றரை மி.மீ. துளை போதும். என் படத்துக்குத் தட்டு செய்ய, பலகையின் நடுவிலிருந்து மாநிலத்தின் வடிவத்தை மொத்தமாக எடுக்க வேண்டியிருந்தது. கோட்டின் மேலேயே மெல்லிய துளை போட்டு ஆரம்பித்தால் கடைசியில் துளை இருந்த இடமே தெரியாது. 5 மி.மீ. துளை என்றால் கடற்கரையில் ஒரு குழி நிரந்தரமாக நிற்கும். ஜாலி வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு பூவுக்கு இருபது துளை போட வேண்டியிருக்கும். அதோடு, மெல்லிய ரகங்கள் மொட்டை முனையில்தான் கிடைக்கின்றன. ஆணி மட்டும் ஏற்கும் மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது கழுத்தின் ஆழம். பிளேடுக்கும் பின்னால் இருக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள தூரம் அது. 16 அங்குலம், அதாவது 40 செ.மீ., சாதாரணமாகக் கிடைப்பது. 60 செ.மீ. பலகையை அதில் முழுவதும் சுழற்ற முடியாது. நான் காவிரியை ஒட்டிய மாவட்ட எல்லைகள் வழியாகவே முதலில் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். எப்படியும் அறுக்க வேண்டிய கோடுதான் என்பதால் நஷ்டம் இல்லை. இப்படி யோசித்தால் 16 அங்குலமே போதும். வெளிநாட்டிலிருந்து உறவினர் யாராவது கொண்டுவருவதாகச் சொன்னால் மின்சாரத்தைக் கவனியுங்கள். அமெரிக்க மெஷின்கள் 120 வோல்ட், நம் வீட்டில் 230. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் சொருகினால் மோட்டார் எரிந்துபோகும்.

பிளேடு எண்ணைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்: எண் ஏற ஏறத் தடிமன் கூடும். 6 மி.மீ. பிளைவுட்டுக்கு 3 அல்லது 5. முக்கால் அங்குலத் தேக்குக்கு 7 அல்லது 9. 5-ஆம் எண் பிளேடு 0.4 மி.மீ. தடிமன்தான், மாவட்டங்களுக்கு நடுவில் கோடு மட்டும் தெரிந்தது, சந்து தெரியவில்லை. அடிப்பக்கம் சிம்பு பெயராமல் இருக்க, கீழே சில பற்கள் மட்டும் எதிர்த்திசையில் திரும்பிய ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். பொற்கொல்லர் சாமான் கடையில் கிடைக்கும் வாளும் நீளத்தில் பொருந்தும், அவசரத்துக்கு மாட்டலாம். ஆனால் அது உலோகத்துக்கானது, நெருங்கிய பல்லில் மரத்தூள் அடைத்துக்கொண்டு கருகும்.

மாட்டிய பிளேடைக் கிடார் கம்பி மாதிரி விரலால் சுண்டுங்கள். தெளிவாக ‘டிங்’ என்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் இன்னும் இறுக்க வேண்டும். மேடை நேராக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. தடித்த கட்டை ஒன்றில் கொஞ்சம் அறுத்து, மெஷினை நிறுத்திவிட்டு, கட்டையை அரை வட்டம் திருப்பி, அதே வெட்டைப் பிளேடின் பின்பக்கமிருந்து நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் நுழைந்தால் மேடை நேர். பிறகு ஒன்று, புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் “கோடு ஒரு பக்கமாக இழுக்கிறது” என்பார்கள். பிளேடு செய்யும்போது ஒரு பக்கத்தில் மட்டும் பிசிறு தங்கிவிடுவதால் அது அந்தப் பக்கமாக அறுக்கும். மரத்தைச் சில டிகிரி சாய்த்தே தள்ள வேண்டும். அரை மணி நேரத்தில் கை தானாகச் சாய்க்கும்.

இனி பாதுகாப்பு. மரவேலை மெஷின்களிலேயே சாது என்று ஸ்க்ரோல் சாவுக்குப் பெயர். வட்ட வாளோடு ஒப்பிட்டால் அது சரிதான். விரலைத் துண்டாக்கிவிடும் வேகம் இதில் இல்லை. ஆனால் எனக்கு ஆள்காட்டி விரலில் தையல் போட்டது இந்த மெஷினால்தான். திருவள்ளூர் எல்லையை முடிக்கும் கடைசி அரை செ.மீ. அது. அதுவரை தள்ளிய அதே அழுத்தத்தில் தள்ளினேன். மரம் விட்டதும் விரல் நேராகப் பிளேடில் போய் நின்றது. மூன்று தவறு அதில் இருந்தது: பிளேடு மழுங்கியிருந்தும் மாற்றவில்லை, அதனால் அளவுக்கு மேல் தள்ளினேன், விரல் பிளேடுக்கு நேர் எதிரே இருந்தது. இப்போது விரல்களை எப்போதும் பிளேடின் இரு பக்கமும்தான் வைக்கிறேன், வெட்டு முடியப்போகும் இடத்தில் கிட்டத்தட்டத் தள்ளுவதையே நிறுத்திவிடுகிறேன்.

சென்னை மாதிரிக் குட்டித் துண்டைத் தனியாகக் கையில் பிடித்து அறுக்கக்கூடாது. பெரிய பலகையோடு இருக்கும்போதே அதன் எல்லையை முடித்துவிட வேண்டும். பிறகு திருத்த வேண்டியிருந்தால் ஒரு சாண் பலகையில் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டிக்கொண்டு அறுக்கலாம். மரம் மேடையில் அழுந்தாமல் இருந்தால் பிளேடு மேலேறும்போது அதைத் தூக்கிக்கொண்டு ‘தடதட’வென்று அடிக்கும். பயந்து கையை எடுத்தால் இன்னும் மோசம். மரத்தை மேடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் காலால் மிதிக்கும் சுவிட்ச் வாங்கச் சொல்கிறேன். இரண்டு கையும் மரத்திலேயே இருக்கும், காலை எடுத்தால் நின்றுவிடும். மரத்தை அழுத்தும் சிறு கால் ஒன்று மெஷினோடு வரும். பழகியவர்கள் கழற்றிவிடுவார்கள். ஆரம்பத்தில் கழற்றாதீர்கள். மெஷினை மேசையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள், பாதி அதிர்வு போய்விடும்.

கையுறை போடக்கூடாது; நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த தலைமுடி, முழுக்கை எல்லாவற்றையும் ஒதுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பிளேடு மாற்றும்போது சுவிட்ச் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். மெல்லிய பிளேடு ஒடியும்போது துண்டு தெறிக்கும் என்பதால் கண்ணாடி கட்டாயம். எல்லோரும் அலட்சியப்படுத்துவது தூசியைத்தான். கோட்டின் மேலிருக்கும் தூளை ஊதும் குழாய் அதை அறை முழுவதும் பரப்பிவிடும். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கிறது. நல்ல முகக்கவசம் போடுங்கள், வேலை முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். படுக்கையறையில் இந்த மெஷினை வைக்கவே வேண்டாம்.

லேசரையும் விட்டுவைக்கவில்லை. கணினியில் கோடாக வரைந்த கோப்பை நகரத்தில் ஒரு லேசர் கடையில் கொடுத்து 3 மி.மீ. பிளைவுட்டில் ஒரு படம் வெட்டி வாங்கினேன். தனுஷ்கோடி முனை அப்படியே வந்தது, எந்த வாளாலும் இந்த நுணுக்கத்தைத் தொட முடியாது. ஆனால் லேசர் எரித்துத்தான் வெட்டுகிறது. விளிம்பெல்லாம் கரி. அக்கா மகள் பத்து நிமிடம் விளையாடியதும் உள்ளங்கை கறுத்துவிட்டது, ஒவ்வொரு துண்டையும் உப்புத்தாளில் தேய்க்க வேண்டியிருந்தது. புகை வாடை இரண்டு வாரம் போகவில்லை. பள்ளிக்கு இருபது படம் ஒரே மாதிரி வேண்டும் என்றால் யோசிக்காமல் லேசர் கடைக்குப் போங்கள். ஒன்றிரண்டுக்கு வேண்டாம். வீட்டிலேயே வைக்கிற சின்ன டயோடு லேசர் வாங்க நினைத்தால், அதன் ஒளிக்கு ஏற்ற கண்ணாடி, புகையை வெளியேற்றும் குழாய், பக்கத்தில் தீயணைப்பான் மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். ஓடும்போது ஒரு நிமிடம்கூட விட்டு நகரக்கூடாது. பி.வி.சி. பலகையை எந்த லேசரிலும் வெட்டக் கொடுக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

பேண்ட் சாவைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அதன் பிளேடு முடிவில்லாத வளையம். துளைக்குள் நுழைக்க வழியில்லாததால் உள்வெட்டே முடியாது. கணினி ஓட்டி மரத்தைக் குடையும் சி.என்.சி. மெஷினில் சுழலும் முனையின் தடிமன் அவ்வளவும் மரம் போய்விடும், இந்த வேலைக்கு அது ஜிக்சாவைவிட மோசம்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவான பிளைவுட்டில் உள் அடுக்குகளில் ஓட்டை இருக்கும்; மெல்லிய இடம் அந்த ஓட்டையில் வந்தால் எந்த வாளும் காப்பாற்றாது. விளிம்பை நன்றாகப் பார்த்து வாங்குங்கள். ஈரம் தாங்கும் சாதாரண ரகம் போதும், மரைன் பிளைவுட் தேவையில்லை.

கடைக்குப் போகும்போது ஒரு மொட்டைப் பிளேடைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரரை மாட்டச் சொல்லாமல் நீங்களே மாட்டிப் பாருங்கள், கருவி இல்லாமல் விரலாலேயே திருக முடிந்தால் நல்லது. உள்வெட்டு வேலையில் இதை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை செய்யப்போகிறீர்கள். பிறகு ஓடவிட்டு மேடை மேல் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்தி வையுங்கள். குறைந்த வேகத்தில்கூட உடனே சாய்ந்துவிட்டால் அந்த மெஷின் அதிகமாக அதிர்கிறது என்று அர்த்தம், வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள். வாங்கிய அன்றே 3-ஆம் எண்ணிலும் 5-ஆம் எண்ணிலும் ஒவ்வொரு டஜன் பிளேடு சேர்த்து வாங்கிவிடுங்கள், முதல் வாரத்தில் நிறைய ஒடியும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் சென்னையைத் தனியாக அறுக்காமல் செங்கல்பட்டோடு ஒரே துண்டாக விட்டுவிடுங்கள். இரண்டு செ.மீ. துண்டு குழந்தையின் தொண்டையை அடைத்துவிடும். நான் அந்த எல்லையை அறுக்காமல் பெயிண்டால் கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.